சி லாங்கில் துரத்தாதவன்

அண்ணை,

இன்று மத்தியானம் கீழ்வீட்டு வியட்நாம்காரர் மணியடித்தார். கையில் உங்கள் பழைய சீட்டுக்கட்டு. இன்னும் உங்கள் தைலம் மணக்கிறது. "நானும் சிரித்தேன்" என்று, ஜெர்மனிக்கு வந்து பழகிய டொச்சில் சொன்னார். கட்டை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அப்போதிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவருக்கு முன்னூற்றிநாலு சீட்டாட்டம் பழக்கியது நீங்கள். பதிலுக்கு அவர் சி லாங் கணவாயின் கதையைச் சொன்னார். அறுநூறு வருடத்துக்கு முன்பு அவருடைய நாட்டைப் பிடித்து வைத்திருந்த சீனருக்குத் துணையாக இன்னொரு பெரும்படை வந்ததாம். கிளர்ச்சிக்காரர் தோற்றவர்கள் மாதிரி ஓடினார்கள். சீனத் தளபதி கொஞ்சக் குதிரைக்காரரோடு விடாமல் துரத்தினான். பாலம் முறிந்தது, குதிரைகள் சேற்றில் புதைந்தன, ஒளிந்திருந்தவர்கள் எழும்பினார்கள். அவர் மிளகுப் போத்தலைத் தளபதியாக்கி மேசையில் கவிழ்த்ததும் நீங்கள் துள்ளினீர்கள்.

"இது என்ரை ஆட்டமடா!"

உண்மைதான். நல்ல சீட்டு வந்தால்தான் நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுப் பெருமூச்சு விடுவீர்கள். நான் அதை நம்பி, என் சீட்டுக்கு மிஞ்சி ஏலத்தைக் கூட்டிக் கேட்பேன். பிறகென்ன, சேறுதான். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் ஏமாந்தேன்.

கடைசி ஞாயிறு உங்கள் கையிலிருந்து சீட்டு நழுவியது. "கை மரத்துப்போச்சடா, பிடிக்க ஏலாமக் கிடக்கு" என்றீர்கள். சிரிப்பும் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"சி லாங் காட்டாதேங்கோ அண்ணை. இந்தமுறை நான் துரத்தமாட்டன்" என்றேன்.

மூவரும் சிரித்தோம். இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினோம். மூன்றாவதில் நீங்கள் மேசையில் சாய்ந்துவிட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார்: எப்போது தொடங்கியது? பக்கவாதத்துக்கு நேரத்தை வைத்துத்தான் மருந்தாம். நான் அந்த இரண்டு ஆட்டத்தையும் விழுங்கிவிட்டு, விழுந்தவுடனே கூட்டிவந்தோம் என்றேன். வெட்கம் அண்ணை, வேறொன்றுமில்லை. பக்கத்தில் நின்ற வியட்நாம்காரர் என்னைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரிடமும் கேட்க எனக்குத் துணிவில்லை.

உங்கள் மனைவி, எங்கள் அக்கா, இன்னமும் வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்கிறா: "இவன்தான் உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினவன்." ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவிலும் அத்தனை சனத்துக்கு நடுவே சொன்னா. நான் தலையை ஆட்டினேன். இந்த நன்றியைத்தான் அண்ணை என்னால் சுமக்க ஏலாமல் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்குப் போகச் சப்பாத்தைப் போட்டுவிட்டேன். சீட்டுக்கட்டு குளிர் யாக்கெட் பையில் இருக்கிறது. கீழே வியட்நாம்காரரையும் கூப்பிடப் போகிறேன். கதவைத் திறந்ததும் அக்கா "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்பா. அவ குசினிக்குத் திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும்.