ஓர் ஆளுக்குக் கருவாட்டு ஆணம்

அன்பின் உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் கற்பிட்டியில் நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? மூதூரில் மழை விட்டதா?

போனில் சொன்னால் என் குரலை வைத்தே பயந்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். நான் முதன்முதலாகப் பையில் போட்டு விற்ற கருவாடு முழுவதும் திரும்பி வந்துவிட்டது. வெயிலில் காய்ந்ததைச் சூடு ஆறுமுன் பையில் போட்டு வாயை ஒட்டிவிட்டேன். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

திருப்பி அனுப்பியவர் புத்தளத்தில் கடை வைத்திருக்கும் சுல்பா ராத்தா என்ற பெண். சண்டை பிடிக்கத்தான் போனேன். அவரோ கதிரையை இழுத்துப் போட்டு, "நானும் இப்பிடித்தான் தம்பி தொடங்கின. உங்கட கருவாட்டை நீங்க ஒருக்காலாவது ஆக்கித் திண்டு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

இல்லை. எனக்கு இங்கே கடைச்சோறுதான்.

"இனி ஒவ்வொரு தரமும் ஒரு பையை எடுத்து வையுங்க. ரெண்டு கிழமை போக, ஆக்கித் திண்டுட்டு என்னட்ட வாங்க. மிச்சத்தை நான் சொல்லித் தாறன்" என்றார்.

புதிதாகக் காய வைத்ததில் ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன்; இரண்டு வாரம் கழித்து ஆக்க வேண்டும்.

நளீர் மாமா மூதூருக்குப் புறப்பட லொறியோடு வாசலில் நிற்கிறார்; இதை அவரிடம்தான் கொடுக்கிறேன். அவர் திரும்பும்போது ஒரு சட்டி கொடுத்தனுப்புங்கள், சின்னது போதும். கருவாட்டு ஆணம் ஆக்கும் விதத்தையும் எழுதுங்கள். வீட்டுக் கணக்கில் வேண்டாம் உம்மா. ஓர் ஆளுக்கு எவ்வளவு புளி என்று எழுதுங்கள்.

மகன் அஸ்ஜத்