தள்ளி நின்ற அலைவரிசை

பூமயில்,

நேற்று நீ கம்ப்யூட்டரில் மாட்டிய ரேடியோப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "பெட்டி கொதிக்குதே, சரியாத்தான் எடுக்குதா?" என்றாய். "ஒனக்கென்ன தெரியும்?" என்று கத்தினேன். இன்று அதில் மதுரை வானொலியே அதன் எண்ணில் இல்லாமல் தள்ளித்தான் கேட்டது. சூட்டில் எல்லா அலைவரிசையும் விலகியிருக்கிறது. அதைத் திருத்தியதும் வானிலை நிலையம் புயல் எச்சரிக்கை சொல்கிறது! நேற்று தப்பான இடத்தில் கேட்டுவிட்டு எச்சரிக்கையே இல்லையென்று நான் சொன்னதை நம்பித்தான் உன் தம்பி கூத்தையா விடியலில் கடலுக்குப் போனான். செல் எடுக்கவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிடச் சொல்லப் பாம்பன் துறைமுகத்துக்கு ஓடுகிறேன். அடுப்பை அணைத்துவிட்டேன், சோற்றை நீ வடித்துவிடு.

பால்சாமி

பி.கு.: செருப்பு மாட்டும்போது கூத்தையாவே கூப்பிட்டான். சொன்னதும் படகைத் திருப்பிவிட்டான். திட்டுவான் என்று நினைத்தேன். "போகாதேன்னு அக்கா மறிச்சுச்சு. மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சண்டை போட்டுட்டு வந்தேன்" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டேன்; சோற்றை நானே வடிக்கிறேன்.