நான் திருப்பி எறிந்த பந்து

ஜூன் 4, டேட்டன்

நாளைக் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். கஸ்ஸின் வேன். கஸ், வெண்டல், நான், மூன்று பேரும் பழைய சிநேகிதர்கள். ஆறு பேஸ்பால் மைதானங்கள், இரண்டரை வாரம், கடைசியில் சான் பிரான்சிஸ்கோ. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். ஆனாலும் கஸ் என்னிடம் ஸ்டியரிங்கைத் தரமாட்டானாம். "நீ ஓட்டினா ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிறுத்துவே" என்கிறான்.

வெண்டல் தன் கையுறைக்கு எண்ணெய் பூசி வைத்திருக்கிறான். சின்ன வயதிலிருந்து அதை மாட்டிக்கொண்டுதான் ஆட்டம் பார்க்கப் போவான்; பார்வையாளர் பக்கம் வரும் பந்தைப் பிடித்தவர் அதை வீட்டுக்கே கொண்டுபோகலாம். ஐம்பத்தெட்டு வருடத்தில் ஒரு பந்துகூட அவன் பக்கம் வந்ததில்லை. போன மாதம் கண் டாக்டர் சொல்லிவிட்டார்: வலக்கண் போய்விட்டது, இடக்கண்ணிலும் நடுவில் மறைக்கிறது, அடுத்த கோடையில் பந்து தெரியாது. அதனால்தான் இந்தப் பயணம். எங்களில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஜூன் 7, டெட்ராய்ட்

"பந்து இடது பக்கம் போகுதுடா" என்று கஸ் சொல்லப்போக, வெண்டல் முறைத்தான்.

"எனக்குத் தெரியுது. இன்னொரு தடவை சொன்னே, பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிடுவேன்."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம், எங்கள் ஊர் அணி ஆட்கள் அவுட்டானபோதெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தான். அவன் தனியாகத் தெரியக்கூடாதென்று நாங்களும் சேர்ந்து தட்டினோம். பக்கத்தில் இருந்தவர்கள் எங்களைக் குடிகாரர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் 8

கஸ் குறட்டை. மோட்டல் சுவர் அட்டை. வேறெதுவும் எழுதத் தெம்பில்லை.

ஜூன் 9, சிகாகோ போகும் வழி

நாளை வடக்குப் பக்கத்துப் பழைய மைதானம். எங்களுக்கு எல்லைச் சுவருக்குப் பின்னால் கூரையில்லாத வெயில் பெஞ்சு. அங்கே ஒரு சட்டம் உண்டு. எதிரணி சுவரைத் தாண்டி அடித்த ஹோம் ரன் பந்து யார் கையில் விழுந்தாலும் அதை அப்படியே மைதானத்துக்குள் திருப்பி எறிந்துவிட வேண்டும். வைத்துக்கொண்டால் மூவாயிரம் பேர் சேர்ந்து திட்டுவார்கள்.

"அப்ப வெண்டல் பிடிச்சா?" என்று கஸ் கவலைப்பட்டான்.

"முதல்ல பிடிக்கட்டும்டா" என்றேன்.

ஆனாலும் வழியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் புதுப் பந்து ஒன்று வாங்கிவிட்டான். எறிவதற்கு இது, வீட்டுக்குக் கொண்டுபோக நிஜப் பந்து. அந்தப் பெஞ்சில் பாதிப் பேர் இப்படி ஏமாற்றுகிறவர்கள்தான். வெண்டலுக்குத் தோள் சரியில்லை. கஸ் எறிந்தால் முன்வரிசைக்காரன் மண்டை உடையும். ஆகவே எறியும் வேலை எனக்கு. கல்லூரி சாஃப்ட்பால் அணியில், வெகு தூரத்திலிருந்து பந்து எறியும் சென்டர் ஃபீல்டில் நின்றவள் நான், சும்மாவா?

ஜூன் 10, சிகாகோ

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஆறாவது இன்னிங்ஸ். எதிரணிக்காரன் ஓங்கி அடித்தான். பந்து நேராக எங்கள் பக்கம் வந்து, முன்னால் இருந்தவர் கையிலிருந்த ஹாட் டாக் மேல் விழுந்து, கடுகு சாஸைத் தெறிக்கவிட்டு, எகிறி வெண்டலின் கையுறைக்குள் உட்கார்ந்தது. கை கனத்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. கையுறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ஹாட் டாக்காரர் சட்டையெல்லாம் மஞ்சள். ஆனாலும் வெண்டலின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"எறி, எறி" என்று பெஞ்சு முழுக்கக் கத்தல். வெண்டல் பந்தை என் கையில் வைத்தான். "பத்திரம் லோயிஸ்" என்றான், என் காதில் மட்டும். பையிலிருந்து கடைப் பந்தை இடக்கையால் எடுத்தேன். எழுந்து நின்று எறிந்தேன். அது போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மைதானத்து நடுவில் இருக்கும் இரண்டாம் பேஸ் வரை எகிறி உருண்டு போய் நின்றது. அறுபத்து மூன்று வயதில்! கூட்டம் எழுந்து நின்று கத்தியது. யாரோ எனக்கு பீர் வாங்கித் தந்தார்கள். நான் வேறு குனிந்து வணக்கம் வைத்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் என் வலக்கை விரல்களைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தன. இடக்கையில் பளபளவென்று கடைப் பந்து.

ஐயோ. நிஜப் பந்தை எறிஞ்சுட்டேனே. எந்தக் கையால எறிவேன்னு எனக்கே தெரியாதா? அறுபது வருஷமா வலக்கைதானே —

வெண்டல் கையை நீட்டினான். இருந்ததைக் கொடுத்தேன். தடவிப் பார்த்தான்.

"சாஸ் ஒட்டியிருந்துச்சே?"

"துடைச்சுட்டேன்."

யோசிக்கவே இல்லை. அந்த வார்த்தை தானாக வந்தது.

ஜூன் 12, செயின்ட் லூயிஸ்

மோட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் வெண்டல் பந்தைக் காட்டினான். வாப்பிள் கடைக்காரரிடம் காட்டினான். அக்ரனில் இருக்கும் தங்கைக்கு போன் போட்டு, அது விழுந்த சத்தத்தை வாயால் செய்து காட்டினான். தொப்பிக்குள் போட்டுத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாப்பிளோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 14, கான்சஸ் சிட்டி

வெண்டல் குளிக்கப் போன நேரத்தில் கஸ் பந்தை எடுத்துப் பார்த்து, அதில் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டான். அவன் வாங்கிய பந்து அவனுக்குத் தெரியாதா? நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தான்.

"சொல்லித் தொலைக்காதே. அவன் கண்ணுக்கு இதுவும் ஒண்ணுதான், அதுவும் ஒண்ணுதான்."

கஸ் நல்லவன். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. கண் தெரியாதவன் என்றுதானே நானும் ஏமாற்றியிருக்கிறேன்? கண் நன்றாக இருந்திருந்தால் அந்தப் பொய் என் வாயில் வந்திருக்குமா?

ஜூன் 15, கான்சஸ் நடுவில் எங்கோ

பெட்ரோல் பங்கில் வெண்டலிடம் சொல்லிவிட்டேன். கஸ் கழிப்பறைக்குப் போயிருந்தான். வெண்டல் பந்தை வெகு நேரம் உருட்டிக்கொண்டிருந்தான்.

"மாத்தி எறிஞ்சே, சரி. அந்தக் கத்தல்ல யாருக்கும் கை தடுமாறும். துடைச்சுட்டேன்னு சொன்னியே, அது என்ன?"

"தெரியலை."

"என்கிட்ட எல்லாருமே இப்ப மறைச்சு மறைச்சுத்தான் பேசுறாங்க. நீ அப்படிப் பேச மாட்டேன்னு நினைச்சேன்."

கஸ் திரும்பி வந்ததும் வெண்டல் பந்தை அவன் மடியில் போட்டான். "உன் சாமான்" என்றான். அதன் பிறகு இருநூறு மைல், ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

ஜூன் 17, டென்வர்

வெண்டல் நான்கு வரிசை கீழே போய்த் தனியாக உட்கார்ந்தான். அவன் தப்பான பக்கம் திரும்பியபோதெல்லாம் நான் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தேன். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அழுகையாக வருகிறது, இந்த வயதில், ஒரு பந்துக்காக. பந்துக்காக இல்லை.

ஜூன் 19, நெவாடா

"உப்பு இருக்கா?" என்று சாப்பாட்டு மேஜையில் வெண்டல் கேட்டான். என்னிடம்தான். இருந்த ஆறு பொட்டலத்தையும் கொடுத்தேன். "ஒண்ணு போதும்" என்றான். கஸ் நடுவில் உட்கார்ந்து, சிரிப்பை மறைக்க இருமல் வந்ததுபோல் நடித்தான்.

ஜூன் 21, சான் பிரான்சிஸ்கோ

கடைசி மைதானம். எதிரே விளையாட வந்ததும் எங்கள் ஊர் அணியே. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் தண்ணீரில் படகுக்காரர்கள், தாண்டி வந்து விழும் பந்துக்காகக் காத்திருந்தார்கள். வெண்டல் எனக்கு அடுத்த இருக்கையில்தான் உட்கார்ந்தான். இரண்டாவது இன்னிங்ஸிலேயே பின்வரிசைத் தம்பதியிடம் ஆரம்பித்துவிட்டான்.

"வாழ்க்கையிலேயே ஒரு பந்து கிடைச்சுதுங்க. அதையும் இந்த அம்மா தூக்கி எறிஞ்சுட்டா. சும்மா இல்லை, ஹோம் பிளேட் வரைக்கும்."

"அவ்வளவு தூரம் இல்லை, இரண்டாம் பேஸ்" என்றேன்.

"பாத்தீங்களா, இப்பல்லாம் உண்மையைத்தான் பேசுறா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்ததை அவன் பார்த்திருக்க முடியாது.

நான்காவது இன்னிங்ஸில் எங்கள் ஆள் அடித்தான். கூட்டம் எழுந்தது. வெண்டல் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினான். பிறகு என் பக்கம் சாய்ந்தான்.

"லோயிஸ், பந்து எங்க?"

"வலது பக்கம், உசரமா. ஃபீல்டர் கீழே நிக்கிறான். பிடிச்சுட்டான்."

"அவுட்டா?"

"அவுட்."

"சரி. அடுத்ததும் சொல்லு."

ஒன்பது இன்னிங்ஸும் சொன்னேன், தொண்டை கட்டும் வரை. ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம். எங்கள் ஆட்கள் தவறவிட்ட ஒரு பந்தைக்கூட அவனிடம் மறைக்கவில்லை.