அன்னபேதியும் சிவப்பு மாத்திரையும்

டாக்டர் எழுதிக்கொடுத்த பி காம்ப்ளெக்ஸ் டப்பாவை இன்று காலையில்தான் திறந்தேன். மூடியைத் திருகியதுமே அந்த நெடி முகத்தில் அடித்தது. புளித்த மாவும் நனைந்த சாக்கும் சேர்ந்தாற்போல ஒரு வாடை, யாருக்கும் பிடிக்காது. எனக்கு மட்டும் அது உங்கள் சட்டைப் பையின் வாசம். டப்பாவை மூக்கருகில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. பிறகு நானே துணி எடுத்துத் துடைத்தேன்.

நாக்கு எரிகிறது, பாதம் மரத்துப்போகிறது என்று கள்ளக்குறிச்சியில் போய்க் காட்டினேன். பி12 குறைவாம். பால், முட்டை, மீன் எதுவும் சாப்பிடுவதில்லையா என்று அந்தச் சின்ன வயது டாக்டர் கேட்டார். உத்தியோகக் காலம் முழுக்க ஊருக்கெல்லாம் இதையே சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான், தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஒண்டி ஆளுக்கு மீன் வாங்கி, ஆய்ந்து, குழம்பு வைத்து, யார் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது? நீங்கள் போனதிலிருந்து ரசமும் ஊறுகாயுமாகத்தான் பொழுது ஓடுகிறது. திட்டாதீர்கள்.

உங்களை முதன்முதலில் பார்த்தபோது நான்தான் உங்களைத் திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? கல்வராயன் மலையில் நான் நர்சாக இருந்த வருஷங்கள் அவை. மலைக்குக் கீழே, கீழ்நாட்டில், இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. நீங்கள் வேளாண்மைத் துறையில் இருந்தீர்கள். மலையில் மரவள்ளி, உங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கு, மஞ்சளடித்துப்போகிறது என்று பார்க்க வந்தீர்கள். என் துணை சுகாதார நிலையத்து வாசலில் நின்றிருந்த பிள்ளைகளின் வாயோரப் புண்ணைப் பார்த்துவிட்டு, "உங்க புள்ளைங்களுக்கும் எங்க குச்சிக்கெழங்குக்கும் ஒரே வியாதிதான் போலக்கீது" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு வாயோரம் வெடித்திருப்பது பி2 இல்லாமல், செடி வெளுத்திருப்பது இரும்பு இல்லாமல், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்று படபடவென்று பொரிந்து தள்ளினேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவே இல்லை. செடிக்கு மண்ணில் தாது உப்பு இருந்தால் போதும், வைட்டமினை அதுவே தயாரித்துக்கொள்ளும், நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பும் எனக்கு அன்று பிடிக்கவில்லை.

அப்போது என் கவலையெல்லாம் சின்னப்பொண்ணு என்கிற பெண்ணைப் பற்றித்தான். முதல் பிரசவத்தில் உதிரம் நிற்காமல் போய், பிள்ளையும் தங்கவில்லை. மறுபடி உண்டாகியிருந்தாள். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே சோப்புப் போட்டு அலசிய துணி மாதிரி வெளுத்துக் கிடக்கும். அந்த மலையில் சாமைச் சோறு தின்ற வீடுகளில், சாமைக் காட்டில் விற்பதற்கு மரவள்ளி போட்டபிறகு ரேஷன் அரிசிதான். ஏற்கெனவே தவிடு போகத் தீட்டிய அரிசி. அதையும் தண்ணீர் தெளியும்வரை அலசுவார்கள், கஞ்சியை வடித்து ஆட்டுக்கு ஊற்றுவார்கள். மிச்சம் மீதி இருந்த பி1 ஆட்டுக்குப் போகும், சக்கை ஆளுக்கு. கால் கனக்கிறது, விரல் மதமதவென்று இருக்கிறது என்று பாதிப் பெண்கள் என்னிடம் வந்து நிற்பார்கள்.

மாத்திரை கொடுத்தாலும் விழுங்க மாட்டார்கள். பி காம்ப்ளெக்ஸ் போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகும். காமாலை வந்துவிட்டதென்று தூக்கி எறிவார்கள். இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதற்கும் பயம். இரண்டும் சேர்ந்தால்தான் ரத்தம் ஊறும் என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதிரில் நன்றாகத் தலையாட்டுவார்கள்.

இதை நான் புலம்பியதைக் கேட்டுத்தான், எனக்கு உதவுவதாக நினைத்து அந்தக் காரியத்தைச் செய்தீர்கள். மரவள்ளிக்கு அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கச் சொல்லிக் கொடுக்க ஊரைக் கூட்டினீர்களே, அன்று அந்த உப்பைக் கையில் எடுத்துக் காட்டி, நர்சம்மா கொடுக்கிற சிவப்பு மாத்திரையில் இருப்பதும் இதே இரும்புதான், செடியில் ஏறினால் இலை பச்சையாகும், ஆளுக்குள் போனால் ரத்தம் ஊறும் என்று அழகாகப் பேசினீர்கள். கூட்டமே தலையை ஆட்டியது. எனக்கும் உங்கள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அடுத்த தடவை போய்ப் பார்த்தபோது சின்னப்பொண்ணின் இமை வெளுப்பு மாறவே இல்லை. மாத்திரைக் கவர் மட்டும் காலியாக இருந்தது. குழம்பிப்போய் வெளியே வந்தால், நீங்கள் அவள் மரவள்ளிக் காட்டில் குந்தி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காடு முழுக்க மஞ்சள், வீட்டை ஒட்டிய செடிகளின் கொழுந்தில் மட்டும் பச்சை. இலையெல்லாம் சிவப்புச் சாயம் வடிந்த கறை. நான் கொடுத்த மாத்திரையைக் கரைத்து, விளக்குமாற்றால் தொட்டுத் தொட்டு மரவள்ளிக்குத் தெளித்திருக்கிறாள் மகராசி!

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"ரெண்டும் ஒன்னுதான்னு அவருதாங்க சொன்னாரு. அந்த உப்பு வாங்க துட்டு ஏதுங்க? எனக்கு ஊறுற ரத்தம் எனக்கு மட்டுந்தான். குச்சி தேறிச்சினா வூடே சாப்புடும்."

உங்கள் பக்கம் திரும்பி, உங்கள் பேச்சால் வந்த வினை, இவளுக்கு ஏதாவது ஆனால் நான் சும்மா விடமாட்டேன் என்று கத்தினேன். உங்கள் முகம் சுண்டிப்போயிற்று. அவளிடம்தான் பேசினீர்கள். காட்டை நீங்கள் பார்த்துக்கொள்வதாகவும், மாத்திரையை அவள் விழுங்கவேண்டும் என்றும், விழுங்காவிட்டால் மருந்து தெளிக்கும் டேங்கைத் தொடக்கூட மாட்டீர்கள் என்றும் சொன்னீர்கள். அவள் சிரித்துக்கொண்டே சரி என்றாள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

என்னிடம் மாத்திரை தீர்ந்து, உங்களை வாங்கிவரச் சொல்லியிருந்த சமயம் பார்த்து அந்தப் போராட்டத்து மறியல் வந்தது. சாலைக்குச் சாலை புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை. மலையும் கீழ்நாடும் தனித்தனியாகிவிட்டன. இனி நீங்கள் எங்கே வரப்போகிறீர்கள் என்று நானும் விட்டுவிட்டேன். நீங்கள் வந்தீர்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிள் மிதித்து, விழுந்து கிடந்த மரங்களின்மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கிப் போட்டு வந்திருந்தீர்கள். மறியலில் உட்கார்ந்திருந்தது உங்கள் சித்தப்பா பிள்ளைகள்தானாம். நம்ம பிள்ளைகளுக்கு வேலை கேட்டு நாங்கள் ரோட்டில் கிடக்கிறோம், நீ எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். மாசமாக இருக்கிற பெண்ணுக்கு மாத்திரை என்று பையைக் காட்டினீர்களாம். அவர்களே ஒரு பக்கம் சைக்கிளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்களாம். அடிவாரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு, அன்னபேதி மூட்டையைத் தோளில் வைத்து ஏறியிருக்கிறீர்கள். சட்டைப் பையில் மாத்திரைப் பொட்டலம் வியர்வையில் ஊறி, சிவப்பும் மஞ்சளுமாகக் கறை படிந்து, அந்த நெடியோடு வந்து நின்றீர்கள். ஈரமாகிவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றீர்கள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதன்பிறகு நீங்கள் மருந்து தெளிக்க வரும்போதெல்லாம் அவள் உங்கள் எதிரிலேயே மாத்திரையை விழுங்கிக் காட்டினாள். அரிசியை ஒரே அலசலோடு நிறுத்தினாள். கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தாள். முருங்கைக்கீரையைச் சத்துப் போகக் கொதிக்கவிடாமல் இறக்கக் கற்றுக்கொண்டாள். காடு பச்சை கட்டியது. இமைக்குள்ளும் மெல்லச் சிவப்பு ஏறியது. நான் இமையைப் பார்த்து வந்து சொல்வேன், நீங்கள் கொழுந்தைப் பார்த்து வந்து சொல்வீர்கள். அந்தப் பேச்சுக்காகவே உங்கள் வரவை எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தேன். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு வலி கண்ட அன்று மறுபடி மறியல், பாதை அடைத்துக் கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பிள்ளை வந்துவிட்டது, பெண். அதற்குப் பிறகு உதிரம் போக ஆரம்பித்தது. அவள் அடிவயிற்றைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே ஊரில் உள்ள சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஒருவழியாக நின்றது. சின்னப்பொண்ணு கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். பழைய வெளுத்த உடம்பாக இருந்திருந்தால் அவ்வளவு உதிரத்தைத் தாங்கியிருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

வெளியே வந்தால், டேங்கை முதுகிலிருந்து இறக்கக்கூட மறந்து வரப்பில் உட்கார்ந்திருந்தீர்கள். அழுதிருந்தீர்கள். இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்றேன். எழுந்து என் முகத்தையே பார்த்தீர்கள்.

"செடின்னா இலைய பாத்து சொல்லிடுவேங்க. உங்கள பாத்தா ஒன்னும் தெரியல. உங்களுக்கு இன்னா கம்மி?"

பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு ஒன்றும் கம்மியில்லை, முதலில் அந்த டேங்கை இறக்குங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து அழுதேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் அதையே கேட்டீர்கள். முகம் வாடினால் கேட்பீர்கள், சோறு குறைந்தால் கேட்பீர்கள், சண்டை போட்டுவிட்டும் கேட்பீர்கள். உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு நானும் போகிற வீடெல்லாம் கேட்டேன். மாத்திரையைப் பையை விட்டு எடுக்காமல், "உனக்கு இன்னா கம்மிம்மா?" என்று முதலில் கேட்பேன். தூக்கம் கம்மி என்பார்கள், மாமியார் பேச்சு ஜாஸ்தி என்பார்கள், ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். ரிட்டையர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளைக்கூடக் கேட்டுவிடுகிறேன்.

என்னைத்தான் கேட்க ஆளில்லை. மகள் போனில் வேளாவேளைக்குச் சாப்பிட்டாயா என்கிறாள், நல்ல பிள்ளைதான். ஆனால் நீங்கள் கேட்டது போல இல்லை. அன்று வரப்பில் வைத்து நான் சொன்னது பொய்யில்லை, அன்றைக்கு எனக்கு நிஜமாகவே எந்தக் குறையும் இல்லை, நீங்கள் எதிரில் நின்றுகொண்டிருந்தீர்கள். இப்போது ஒரு தடவை வந்து கேளுங்கள். வெடுக்கென்று பேசமாட்டேன், உள்ளே ஓடவும் மாட்டேன்.

நீங்கதாங்க கம்மி.