வண்டி நிறுத்தப் போனவருக்கு ஒரு நாற்காலி

தொயாமா,
நவம்பர், ஞாயிறு

அன்புள்ள ரியோஹெய் அவர்களுக்கு,

மிசாதோ எழுதுவது. மலைமேல் பனி விழுந்துவிட்டது. கீழே இன்னும் மழைதான். வியட்நாமில் இப்போதுதான் புழுக்கம் குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். இருமல் நின்றதா? நானும் குழந்தையும் சுகம். சுஸு தூங்கிவிட்டாள். கைபேசியில் தட்டினால் பாதியிலேயே அழித்துவிடுகிறேன், அதனால் தாளில் எழுதுகிறேன்.

கம்பெனி உங்களை இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருக்கச் சொல்வதையும், மாதக் கடைசிக்குள் நீங்கள் பதில் தர வேண்டும் என்பதையும் படித்தேன். நீ சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கே ஒரு பதில் எழுதினேன். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், நாங்கள் சமாளித்துக்கொள்வோம் என்று. எல்லார் வீட்டிலும் அப்படித்தானே எழுதுகிறார்கள். அதைக் கிழித்துவிட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வீட்டு விஷயம். உங்கள் அக்கா கனாகோ போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். நாங்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெளியில் சாப்பிடுவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "காலேஜ்ல படிச்சது சத்துணவு, புள்ளைக்குப் போடுறது கடைச் சோறா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். காய்கறி, மீன், உப்பு எல்லாம் மனக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வீட்டு மேஜையில் உட்காரவைத்தால் சுஸு நான்கு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. வெளியில் என்றால் கிண்ணம் காலியாகிறது. குழந்தை மருத்துவர் எடை சரியாக இருக்கிறது என்கிறார். ஆகவே போகிறோம்.

பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்துக் குடும்ப உணவகம்தான். இப்போது அங்கே பூனை முகம் வைத்த இயந்திரம் ஒன்று தட்டுகளைச் சுமந்து வருகிறது. சுஸு அதற்கு வழிவிட்டு, தலை குனிந்து வணங்கி, "கவனமா போங்க" என்கிறாள். அழைப்பு மணியை அவள்தான் அழுத்த வேண்டும். பழச்சாறுகளை ஒன்றோடொன்று கலந்து சேற்று நிறத்தில் ஏதோ செய்து, என்னையும் குடிக்கவைக்கிறாள். சில நாள், தட்டுகள் பட்டையில் சுழன்று வரும் சுஷி கடை. அங்கே வெள்ளரிக்காய் சுருளும் முட்டையும் மட்டும்தான் அவளுக்கு. மீன் அவளைக் கடந்து, சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒன்று கவனித்தேன். தாயும் குழந்தையும் வந்தால், பாவம் என்று நினைத்து நால்வர் உட்காரும் பெரிய மேஜையைக் கொடுக்கிறார்கள். நான் சுஸுவின் பக்கத்தில் உட்கார்வேன், எதிர் இருக்கைகள் காலியாக இருக்கும். அவளுக்கு அது பிடிப்பதில்லை. ஒரே வரிசையாக எல்லாரும் உட்காரும் பலகை இருக்கைதான் வேண்டும் என்கிறாள். ஏன் என்று கேட்டேன். "எதுத்தாப்புல யாருமே இல்லாம சாப்பிடறது போரடிக்குதும்மா" என்றாள்.

அதனால்தான் இன்று மதியம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ராமென் நூடுல்ஸ் கடைக்குப் போனோம். நாம் கல்யாணத்துக்கு முன்னால் போவோமே, அதே கடை. சூப் அதே கறுப்பு, அதே உப்பு. நல்ல மழை. வாசலில் குடையோடு வரிசை. எங்கள் முறை வந்ததும் சாப்பாட்டுச் சீட்டு தரும் இயந்திரத்தில் காசு போட்டுப் பொத்தானை அழுத்தினேன். பின்னால் ஆட்கள் நின்றால் எனக்கு அவசரம் பிடித்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியும். சுஸுவுக்குச் சின்னக் கிண்ணம், எனக்குச் சாதாரணம், பிறகு என் விரல் தானாகவே போய் பெரிய கிண்ணத்தை அழுத்திவிட்டது. வெங்காயத்தாள் கூடுதலாக. நீங்கள் சாப்பிடுவது.

கடைக்கார அம்மா மூன்று சீட்டையும் வாங்கிப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். "வீட்டுக்காரரு வண்டிய நிறுத்திட்டு வர்றாரா?" என்று கேட்டார். மழை நாளில் அப்பாமார் செய்வது அதுதானே. குடும்பத்தை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை எங்காவது சொருகிவிட்டு, நனைந்துகொண்டு ஓடிவருவார்கள். தவறாக அழுத்திவிட்டேன் என்று சொன்னால் அவர் அடுப்பை விட்டு வந்து இயந்திரத்தைத் திறந்து காசைத் திருப்பித் தர வேண்டும், வரிசை நிற்க வேண்டும். நான் "ஆமாம்" என்றேன்.

உடனே அவர் எங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலிக்கு இடம் செய்தார். ரப்பர் பூட்ஸ் போட்ட பெரியவர் ஒருவர், மீன் சந்தையில் வேலை போல, தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும்மா, நகர நகரத்தான் வயித்துல எடம் உண்டாகுது" என்றார். காலி நாற்காலியின் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் வந்தது. "ராமென அவரு வந்ததும் போடறேன், இல்லன்னா ஊறிப்போயிடும்" என்றார் கடைக்கார அம்மா.

சுஸு என்னைப் பார்க்கவே இல்லை. வாசலைப் பார்த்தாள்.

கதவு திறந்தது. அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். கல்லூரிப் பையன்கள். மறுபடி திறந்தது. மீசை வைத்த ஒருவர், குடையை உதறிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவள் திரும்பவில்லை. கிண்ணத்தில் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். நானும் சாப்பிட்டேன். அவள் காதில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு கிழவர் எங்கள் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நனைந்தார்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "என்னம்மா, உங்க வீட்டுக்காரரு வண்டிய நிறுத்தப் போனாரா, இல்ல ஊரையே சுத்திப் பாக்கப் போனாரா?" என்றார். பூட்ஸ்காரர் சத்தமாகச் சிரித்தார். "மழைக்குப் பயந்து வண்டிக்குள்ளயே தூங்கியிருப்பாரு!" என்றார்.

சுஸுதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"மன்னிச்சுக்கங்க. எங்கப்பாவுக்கு எடமே கெடைக்கல. ரொம்ப தூரத்துல நிறுத்தியிருக்காரு. வர நேரமாகும். வெளிய நிக்கிற தாத்தாவ உள்ள கூப்பிடுங்க."

ரியோஹெய், அது என் குரல். ஆபீஸிலும் கடையிலும் நான் பேசுகிற குரல். அதே குழைவு, கடைசியில் அதே சின்னச் சிரிப்பு.

பூட்ஸ்காரரின் சிரிப்பு நின்றது. கடைக்கார அம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்படியா குட்டிம்மா, சரி" என்றார். கிழவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சுஸுவின் கிண்ணத்தில் பாதி முட்டை ஒன்றை வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் போனார்.

வெளியில் வந்து குடையை விரித்ததும், அப்பா வரவில்லை, அம்மாதான் தப்பாக அழுத்திவிட்டேன் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மீசைக்காரரு வந்தப்போ. மொதல்ல வருவாருன்னு நெனச்சேன். அப்புறம், நீ அந்த மாதிரி ஆமான்னு சொன்னா அது சும்மாதானேன்னு ஞாபகம் வந்துச்சு."

வேறு எப்போது அப்படிச் சொன்னேன் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "கனாகோ அத்தை, தனியா இருக்கறது உனக்குப் பழகிடுச்சான்னு கேப்பாங்கல்ல. நீ ஆமாங்கன்னு சொல்லுவ." பிறகு தேங்கிய தண்ணீரில் குதித்துக் காலுறையை நனைத்துக்கொண்டாள்.

அவள் அழுதிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். குழந்தைகள் அழுவார்கள், மறப்பார்கள். ஐந்து வயதில், நான்கு பேர் முன்னால் எனக்காகப் பொய் சொல்லி, என்னைக் காப்பாற்றி, மிச்ச நூடுல்ஸையும் சாப்பிட்டு முடித்தாள். இன்னும் மூன்று வருடத்தில் இதில் நன்றாகத் தேறிவிடுவாள். அப்போது அவளும் நீங்கள் கேட்பதற்கெல்லாம் சமாளித்துக்கொள்கிறோம் என்று எழுதுவாள். நீங்களும் நம்புவீர்கள்.

நீங்கள் என்னைக் கேட்டீர்கள். என் பதில்: வேண்டாம். மேலாளரிடம் நேராகச் சொல்லச் சங்கடமாக இருந்தால் என் மேல் போடுங்கள். மனைவி பிடிவாதக்காரி, ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் கம்பெனியில் எனக்கு அந்தப் பெயர் வருவதில் ஆட்சேபம் இல்லை. அக்காவிடமும் அப்படியே சொல்லுங்கள். பதவி உயர்வு தள்ளிப்போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஏப்ரலில் அவளுக்குப் பள்ளி தொடங்குகிறது. முதுகுப்பை தேர்ந்தெடுத்துவிட்டாள், கரும்பச்சை. உங்களுக்குப் பிடிக்குமோ என்னவோ.

மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். இரவில் மின்விசிறிக்கு நேர் எதிரே படுக்க வேண்டாம். நல்லபடியாக இருங்கள். புறப்படும் தேதி முடிவானால் எனக்கு எழுத வேண்டாம், நேராக சுஸுவைத் தொலைபேசியில் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

இப்படிக்கு,
மிசாதோ