நல்ல தண்ணீர் நிரப்பிய தொட்டி

இன்று காலை மேல் வீட்டுக்காரர்கள் தங்கள் குழந்தைக்காக காற்றடித்து நிரப்பும் குளியல் தொட்டி ஒன்று வாங்கி வந்து மொட்டை மாடியில் விரித்தார்கள். நான் துணி காயப்போடப் போயிருந்தேன். உறையைப் பிரித்ததும் வெயிலில் அந்தப் புது பிளாஸ்டிக் வாசனை எழுந்தது. மேல் வீட்டுப் பெண் கால் பம்ப்பை என் பக்கம் தள்ளி, கொஞ்சம் மிதித்துக் கொடுக்கச் சொன்னாள். இரண்டு மிதி மிதித்தேன். மூன்றாவதற்குக் கால் எழவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு, பாதித் துணியை ஈரத்தோடு வாளியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

உன் தொட்டிக்கும் நான்தான் காற்றடித்தேன்.

நீ போய் ஐந்து வருடம் முடிந்துவிட்டது. கணபதிப் பகுதியில் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். அதே இரத்தப் பரிசோதனை நிலையத்தில்தான் வேலை. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் தள்ளிப்போட்டேன்.

பல்லடத்துப் பக்கம் உன் தோட்டத்து வீட்டுக்கு, உன் பிரசவத்துக்காக நான் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்தபோது, தொட்டி பெட்டியோடு கூடத்தில் இருந்தது. உன் கணவர் அதை பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தார். கோழிப்பண்ணையை விட்டுவிட்டு இயற்கை வாழ்வு, மருந்தில்லாத உடம்பு என்று அவர் திரும்பியிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து வகுப்பு எடுப்பார். ஒருநாளும் அவர் குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. என்னையே 'ஏனுங்க, வாங்க, உட்காருங்க' என்றுதான் பேசுவார்.

தரையில் பழைய மெத்தை, அதன்மேல் தார்ப்பாய், அதன்மேல் தொட்டி. மூன்று அடுக்கு வளையம். ஒவ்வொன்றாக நான் மிதிக்க, நீ பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றில் கைவைத்துக்கொண்டு எண்ணினாய். அடுக்கு மூன்றும் நின்றதும் தண்ணீர் இல்லாமலே உள்ளே இறங்கி உட்கார்ந்து, இரண்டு கையையும் விளிம்பில் போட்டுச் சாய்ந்து சிரித்தாய். படிக்கிற காலத்தில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, வார்டனிடம் மாட்டிக்கொண்டு நின்றோமே, அதைச் சொல்லிச் சிரித்தாய். எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடித்துத்தான் எழுந்தாய். உன் உள்ளங்கை வெளுத்திருந்ததை அப்போதே பார்த்தேன்.

பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? ஏழாம் மாதத்தில் நீ என் லேபுக்கு வந்தபோது உன் இரத்தத்தை நான்தான் எடுத்தேன். பதினொன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டு. நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படித்தவர்கள். எட்டு என்றால் என்னவென்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, முருங்கைக்கீரை தின்றால் ஏறிவிடும் என்றாய். நானும் தலையாட்டினேன்.

நீ ஏன் அப்படி ஆனாய் என்று எனக்குத் தெரியும். முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் உன் தொடையில் அறைந்து, பெத்துக்கத் தெரிந்தவளுக்குக் கத்தாமல் இருக்கத் தெரியாதா என்று கேட்டார்கள். இரண்டாம் நாள் இறந்துபோன குழந்தையைத் துணியில் சுற்றி உன் கையில் கொடுத்துவிட்டு, கட்டில் வேண்டும், சீக்கிரம் கிளம்புங்கள் என்றார்கள். அதை நீ என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாய். சொல்லும்போது அழவில்லை. வீட்டில், வெதுவெதுப்பான தண்ணீரில், யாரும் கை ஓங்காத இடத்தில் இந்தக் குழந்தை பிறக்க வேண்டும் என்று நீ கேட்டது பேராசை இல்லை.

தோட்டத்து போர்வெல் தண்ணீர் உப்பு. குழந்தை கண் விழிக்கும் முதல் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருக்கக்கூடாது என்று நீ பிடிவாதம் பிடித்தாய். வாரத்துக்கு ஒருமுறை வரும் நல்ல தண்ணீரை ஆறு டிரம்மில் பிடித்து வெள்ளைத் துணியால் வாய் கட்டி வைத்தோம். தொட்டியை வெந்நீரிலும் கல்லுப்பிலும் இரண்டு முறை கழுவி, உட்புறத்து உறையைச் சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டேன். கொல்லைப்புறத்தில் பாய்லர், பக்கத்தில் விறகு. தண்ணீரில் மிதக்கும் சூடு பார்க்கும் கருவி, துண்டுகள், தண்ணீரில் மிதப்பதை அள்ள ஒரு புது வடிகட்டி. ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று மறுபடி மறுபடி சரிபார்த்தோம். ஒரு காரைத் தயாராக நிறுத்தி வைக்க வேண்டும் என்று நம் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் நீ எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டாய்.

"வலி வந்தா நான் என்னென்னமோ சொல்லுவேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கெஞ்சுவேன். அதைக் கேக்காதீங்க. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க."

செய்தோம்.

மறுநாள் முற்பகலில் நர்ஸம்மா வந்தார். ஆறாம் மாதம்வரை நீ பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்த சுகாதார நிலையத்து நர்ஸ். வெயிலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். நீ உள் அறையில் இருந்தபடியே என்னைப் பார்த்தாய். நான் போனேன்.

"ஏனுங்க அம்மணி, புள்ள இருக்குதுங்களா? மூணு மாசமா ஆளையே காணோம். ரத்தம் வேற கம்மியா இருந்துச்சு, பயமா இருக்குதுங்க."

நீ அன்னூரில் உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். அங்கே பெரிய டாக்டரிடம் காட்டுவதாகவும் சேர்த்துச் சொன்னேன். அந்தம்மாளின் முகம் தெளிந்தது. அப்படியானால் சரி என்று, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, தன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஸ்கூட்டி திரும்பியதும் நான் அதைக் கிழித்துப் போட்டேன். உள்ளே வந்து நடந்ததைச் சொன்னபோது நீ என் கன்னத்தைத் தட்டி, நல்லாப் பொய் சொல்றே புள்ள என்றாய்.

அடுத்த நாள் விடிகாலையில் வலி கண்டது. பதினொரு மணிக்குத் தொட்டியில் இறங்கினாய். நீ வலியைத் தாங்கிய விதத்தை யாரிடமும் நான் இன்னும் முழுதாகச் சொன்னதில்லை. கத்தவில்லை. விளிம்பைப் பற்றிக்கொண்டு மூச்சுவிட்டாய். மதியம் பன்னிரண்டு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் உன் மகள் தண்ணீருக்குள் வந்தாள். நீயே குனிந்து இரண்டு கையாலும் அவளை மேலே தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டாய். அவள் தும்மிவிட்டு அழுதாள். உன் கணவர் கை கூப்பினார். நான் அழுதேன். அந்தக் கால் மணி நேரம் நீ நினைத்தபடியேதான் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

நஞ்சுக்கொடி விழவில்லை.

அவசரப்பட வேண்டாம், தானாக வரும் என்றார் அவர். காத்திருந்தோம். தண்ணீர் முதலில் இளஞ்சிவப்பாக இருந்தது. பிறகு உன் முழங்கால் தெரியவில்லை. தினமும் இத்தனை மில்லி என்று அளந்து இரத்தம் எடுக்கிற எனக்கு, தண்ணீரில் கலந்த இரத்தத்தை அளக்கத் தெரியவில்லை. தண்ணியில விழுந்தா கொஞ்சமும் நிறையத்தாங்க தெரியும் என்று அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார். நீ குளிர்கிறது என்றாய். அவர் பாய்லரிலிருந்து இன்னும் இரண்டு குடம் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார். குழந்தையை என்னிடம் கொடுத்தாய். உன் உதடு சுண்ணாம்பு நிறமாகியிருந்தது.

"ஏனுங்க," என்றாய் அவரைப் பார்த்து. "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க."

அவர் உன் தலையை வருடினார்.

"நீதான கண்ணு சொன்னே, கேட்டாலும் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு?"

அன்புடன்தான் சொன்னார். நீ என் பக்கம் திரும்பினாய்.

"புள்ள, நீ சொல்லு."

நான் சொன்னேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொன்னேன்.

முதல் பிரசவத்தில் உன்னை அறைந்தவர்களாவது உனக்கு அந்நியர்கள். அவர்களை நான் இப்போதெல்லாம் திட்டுவதில்லை.

அதற்குப் பிறகு நீ எதுவும் கேட்கவில்லை. உன் தலை விளிம்பிலிருந்து சரிந்தபோதுதான் நான் குழந்தையோடு வாசலுக்கு ஓடி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். முதல் தடவை நீ கேட்டதற்கும் நான் போன் செய்ததற்கும் இடையில் முக்கால் மணி நேரம். வந்தவர்கள் உன்னைத் தூக்கும்போது தொட்டியின் ஒரு பக்கம் மடங்கி, தண்ணீர் பாதிக்குமேல் கூடத்தில் பரவி வாசற்படிவரை வந்தது. அதில் வழுக்காமல் உன்னைக் கொண்டுபோக அவர்கள் பட்ட பாடு. ஆஸ்பத்திரி வாசலில் உன் கையைப் பிடித்துப் பார்த்த டாக்டர், எத்தனை மணிக்குப் பிரசவம் ஆனது என்று கேட்டார். நேரத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

மறுநாள் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை உன் கணவர் மோட்டார் வைத்துத் தென்னைக்கு விட்டார். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அதே தணிந்த குரலில் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தானுங்க நடந்துச்சு. கடைசில பயந்துட்டா. மனசு விட்டுட்டா." வந்தவர்கள் 'ச்சு' கொட்டினார்கள். உன் அம்மாகூட, என் மகள் சின்ன வயதிலிருந்தே பயந்தவள்தான் என்றார். நான் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

விசாரணை வந்தது. கர்ப்பிணியைக் கண்காணிக்கத் தவறியதாக நர்ஸம்மாவின் மேல் புகார். பிரசவத்துக்கு முந்தைய நாள் ஒரு பெண் கேட்டில் நின்று அன்னூர் போயிருப்பதாகச் சொன்னாள் என்று அந்தம்மாள் அழுது சொல்லியிருக்கிறார். அப்படி யாரும் வீட்டில் இல்லை என்றார் உன் கணவர். என்னைக் கேட்டபோது, வலி கண்ட பிறகுதான் வந்து சேர்ந்தேன் என்றேன். வேலை போய்விடும் என்கிற பயம் எனக்கு. நர்ஸம்மாவை மலைமேல் ஒரு கிராமத்துக்கு மாற்றினார்கள். உன்னைத் தேடி வெயிலில் வந்த ஒரே மனுஷிக்கு நான் செய்தது இது.

அடுத்த வருடமே உன் கணவர் மறுமணம் செய்துகொண்டார்.

போன மாதம் அவர் கட்டிக்கொண்ட பெண் எங்கள் லேபுக்கு வந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு உன் மகள். ஐந்து வயதுக்கு உயரம். புருவம் உன்னுடையது. நான் ஊசியை எடுத்ததும் சித்தியின் பக்கம் சாய்ந்து நின்று சொன்னாள்:

"பயப்படாதீங்கம்மா. எங்க முதல் அம்மா பயந்துதான் செத்துப் போயிட்டாங்களாமா. அப்பா சொன்னாங்க."

அந்தப் பெண் சங்கடமாகச் சிரித்தாள். வீட்டிலேயே தண்ணீரில் பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்வதாகவும், தனக்கும் தைரியம் வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னாள்.

நான் ஊசியைக் கீழே வைத்தேன். குழந்தையை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

"இல்ல கண்ணு," என்றேன். "உங்கம்மா பயப்படல. உன்னையத் தன் கையாலயே தூக்குனா. அப்பறம் ரத்தம் நிக்கல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கேட்டா. நாங்க ரெண்டு பேருந்தான் கூட்டிட்டுப் போகல. உங்கப்பாவும் நானும்."

அந்தப் பெண் எழுந்து நின்றாள். பிறகு, "அப்ப நீங்களுந்தான கொன்னீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உன் மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இரத்தம் கொடுக்காமலே போய்விட்டாள். அன்று மதியம் உன் கணவர் போன் செய்தார். பச்சைக் குழந்தை மனசில் விஷம் வெச்சுட்டீங்களே, நல்லா இருங்க என்று, வழக்கம்போல மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்தப் பெண் இப்போது தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். அங்கே ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருக்கிறாள் என்று, எங்கள் லேபுக்கு வரும் பல்லடத்துக்காரர் ஒருவர் சொன்னார். உன் மகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம்.

இதை உனக்கு நல்ல செய்தியாக எழுதவில்லை. நான் சொல்லி முடித்தபோது உன் மகள் அழவில்லை. என் கையைப் பார்த்தாள். ரப்பர் உறை போட்ட என் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "நீங்க ஏங்க கூட்டிட்டுப் போகல?" என்று கேட்டாள். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்தான் அது, கோபம் இல்லை. இன்றுவரை எனக்குள் சொல்லிப் பார்க்கிற ஒரு பதிலும் அவளிடம் சொல்லும்படியாக இல்லை.