நீ மாப்பிள்ளை பார்த்த கடற்கரை

பக்கத்து வீட்டில் கொசுவுக்காகத் தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போட்டிருக்கிறார்கள். ஐப்பசி மழை விட்ட மாலை. ஈர மட்டை புகைகிற வாடை சன்னல் வழியாக வந்து சமையலறையில் நிற்கிறது. என் மகள் சன்னலைச் சாத்தச் சொல்கிறாள். எனக்கு மனமில்லை. இந்த வாடை வந்தால் எனக்கு நீ வந்த மாதிரி. சின்ன வயதுத் தோழி, பங்குனியில் நீ கண்ணை மூடியதிலிருந்து உன்னிடம் பேச ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது, உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்கும் ஐப்பசிதான். அன்றைக்கும் மட்டைப் புகைதான். ஆனால் நாம் இருந்தது கடற்கரையில்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தை இப்போது பிள்ளைகளிடம் சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போய், ரப்பர் பால் வாங்க ஆளில்லாமல், தோட்டமே மரவள்ளிக் காடாகிவிட்டிருந்தது. கிழங்கையாவது வயிறு பழகிக்கொண்டது. உப்பில்லாமல் தின்ன நாக்கு கடைசிவரை பழகவே இல்லை. ஆகவே ஆளுக்கொரு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு சனங்கள் போர்ட்டிக்சன் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள், கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுக்க. வயசுப் பெண்கள் வெளியே கிளம்பினால் முகத்தில் கரியைப் பூசி, அப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆண்பிள்ளை மாதிரி போக வேண்டும். சிப்பாய்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் அந்த வேஷம்.

உனக்கு அப்போது இரண்டு இடம் வந்திருந்தது. ஒன்று நம் தோட்டத்துத் தண்டல். பெண்டாட்டி செத்து ஒரு வருஷம் ஆகவில்லை, உன் அப்பாவுக்கு ஒத்த வயது. ஆனால் வேலைக்காரர்களை மேய்க்கிறவன். அரிசி யாருக்கு எவ்வளவு, போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு யார் போவது எல்லாம் அவன் வாயில்தான் இருந்தது. இன்னொன்று லுக்குட் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த பையன். அவனிடம் ஒன்றுமில்லை. உன் அப்பாவுக்குத் தண்டல் மேல்தான் ஆசை. தாயில்லாத பெண், பசியில்லாமல் இருக்கட்டுமே என்று நினைத்தார். தீபாவளிக்குள் யாருக்காவது கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று நின்றார். நீயோ, "மொகத்தப் பாக்காம யாருக்கும் கழுத்த நீட்ட மாட்டேன். தண்டல் மொகத்த தெனம் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல பாக்குறேன், அது போதும்" என்று சாதித்தாய். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"சரி, உப்புக் காய்ச்சப் போவோம். அந்தப் பையனும் அங்க வரட்டும். ஆனா ஒன்னு, இவன் வேணாம்னா தண்டலுக்குத்தான். அப்புறம் எங்கிட்ட அழுவக் கூடாது."

பெண் போய் மாப்பிள்ளை பார்ப்பதாவது! அதனால் உன் அப்பா அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டார். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு அந்தச் சின்ன வளைவுக் கரைக்கு வந்ததும், நம்மை விட்டுத் தள்ளிப் போய், ஒரு தென்னை அடியில், நமக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து உட்கார்ந்தார். "நா காவலுக்கு வந்தவன். எனக்கு ஒன்னும் தெரியாது" என்று சொல்லிவைத்தார்.

அந்த இடம் எனக்குக் கண்ணிலேயே இருக்கிறது. மனித சத்தமே இல்லை. மழைக்கால மேகம் ஒதுங்கி, வெயில் மஞ்சளாகச் சாய்ந்து, கடல் அவ்வளவு அடக்கமாகக் கிடந்தது. மூன்று கல் கூட்டி டின்னை ஏற்றினோம். தண்ணீர் கொதித்து, சுண்டி, அடியில் வெள்ளையாக உப்புத் தங்கியது. மேலே கொஞ்சம் தண்ணீர் மிஞ்சி நின்றது. மற்றவர்கள் என்ன செய்திருப்பார்களோ தெரியாது. ரப்பர் மரத்தில் கட்டிய மங்கில் ஒரு சொட்டுப் பால் மிஞ்சினாலும் விரலால் வழித்து வாளியில் விடுகிற நமக்குத் தண்ணீரைக் கீழே ஊற்ற எப்படி மனம் வரும்? வரட்டும் உப்பு என்று மட்டையைத் திணித்துத் திணித்து, டின் பொட்டுத் தண்ணீரில்லாமல் காயும்வரை எரித்தோம். முதல் பிடி உப்பைப் பார்த்துவிட்டு நீ ஆடிய ஆட்டம்! கரி முகமும் அப்பா சட்டையுமாக நீ குதித்ததில் நான் மணலில் விழுந்து சிரித்தேன்.

அப்போதுதான் கடகடவென்ற சத்தத்தோடு லுக்குட் மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். ரப்பர் தோட்டத்து ஆளின் சைக்கிளுக்கு டயர் இல்லை! ரப்பர் சீட்டைக் கீறி, சக்கரத்தில் சுற்றி, கயிற்றால் கட்டியிருந்தார். சைக்கிள் ஓடியதை விடக் குதித்ததுதான் அதிகம். இறங்கி வந்தவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு கரி முகங்கள்.

"மன்னிச்சுக்குங்க. இதுல பொண்ணு யாருங்க?"

நீ அசரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாய்: "மொதல்ல நா உங்களப் பாத்துக்கிறேன். புடிச்சிருந்தா மொகத்தக் கழுவுறேன்."

உன் அப்பாவின் முதுகைப் பார்த்தேன். அது அசையவில்லை. அந்த மனிதர் கோபித்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பிவிட்டால் நீ தண்டல் வீட்டில் போய்ச் சேர வேண்டியதுதான். அவரோ, "அது ஞாயந்தான்" என்று சொல்லிவிட்டு, பார்க்கட்டும் என்று வெயிலைப் பார்த்துத் திரும்பி நின்றார்!

பெண் பார்க்க வந்தவருக்குக் காப்பி பலகாரம் கொடுக்க வேண்டும் அல்லவா? நம்மிடம் இருந்தது சுட்ட மரவள்ளிக் கிழங்கு. அதன் மேல் நம் புது உப்பைத் தாராளமாகத் தூவி இலையில் வைத்து நீட்டினாய். ஒரு கடி கடித்தார். முகம் எட்டுக் கோணலானது. நீ கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எப்படி இருக்கு?"

அவர் மென்றதை விழுங்கினார், அதுவே பெரிய பாடு. "கசக்குதுங்க. வாயில வைக்க முடியல."

நான் செத்தேன் என்று நினைத்தேன். நீ ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுத் தூவென்று துப்பினாய். பிறகு சிரித்தாய். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் உன்னைத் திட்டுகிற அந்தப் பெரிய சிரிப்பு. அவரும் சிரித்தார். டின்னை எட்டிப் பார்த்து, "கடேசித் தண்ணியையும் வத்த வச்சிட்டீங்க போல. அதுலதாங்க கசப்பு. அத ஊத்திடணும்" என்றார். அவர்கள் தோட்டத்திலும் முதல் தடவை இதே கூத்துத்தானாம், வழித்து வழித்துப் பழகிய கை. புதுத் தண்ணீர் மொண்டு வந்து, மூவருமாக மறுபடி காய்ச்சினோம். மட்டையை ஊதிக்கொண்டே அவர் உன்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னொன்னையும் சொல்லிர்றேன். என்னைய எப்ப வேணாலும் சயாமுக்கு இழுத்துட்டுப் போவாங்க. தெரிஞ்சிக்கிட்டுப் பதில் சொல்லுங்க."

நீ கையிலிருந்த மட்டையை நெருப்பில் போட்டாய். அப்புறம் எழுந்து கடலுக்குள் முழங்கால்வரை நடந்தாய். குனிந்து முகத்தைக் கழுவினாய். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கழுவினாய். திரும்பியபோது சூரியன் உனக்குப் பின்னால் இருந்தது, உன் முகம் எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊதுவதை நிறுத்திவிட்டார்.

சம்மதத்தைப் பெண் தன் வாயால் சொல்கிற வழக்கம் நம்மிடம் ஏது? நான் போய் உன் அப்பா காதில் சொல்வதாகத்தான் ஏற்பாடு. நீ தண்ணீரில் நின்றபடியே கத்தினாய்: "அப்பா! எனக்கு இவரப் புடிச்சிருக்கு!"

உன் அப்பா திரும்பவில்லை. முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது. "அப்ப சரி" என்றார். அதற்குப் பிறகுதான் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, நம்மிடம் வந்தார். வந்தவர் நேரே கிழங்கில் கை வைத்தார், கசந்த உப்பென்று யாரும் சொல்வதற்குள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பில் தென்னையிலிருந்த காக்கை பறந்து போயிற்று.

தண்டல் உன் வீட்டு அரிசியைக் கொஞ்ச காலம் குறைத்தான். இரவல் சேலையில் உன் கல்யாணம் நடந்தது. உன் வீட்டுக்காரரைச் சயாமுக்கு அழைக்க ஆள் வந்தபோதெல்லாம் அவர் கடலோர மலாய்க்காரர்களோடு படகில் இருந்தார். அப்படியே சண்டையும் முடிந்தது. நல்ல உப்பு எப்படி எடுப்பது என்று லயம் முழுக்க நீ பாடம் நடத்தியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷம் பொங்குகிறது. நாலு பிள்ளை பெற்று, சண்டை போட்டு, சிரித்து, நிறைவாகத்தான் வாழ்ந்தாய்.

உன் அப்பா அன்று வெட்கப்பட்டுத்தான் முதுகைக் காட்டி உட்கார்ந்தார் என்று நாம் எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்போம். அது வெட்கமில்லை. எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

என் மகளைப் பார்க்கச் சிரம்பானில் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்திருந்தார்கள். அரசாங்க வேலை, நல்ல குடும்பம், எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. பெரியவர்கள் நாள் குறிக்கவே தொடங்கிவிட்டார்கள். "கொஞ்சம் இருங்க. மக சொல்லட்டும்" என்றேன். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என் முகத்தையே பார்த்தாள். என் ஆசை முழுக்க அங்கே எழுதியிருந்திருக்கும். சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி, ஏற்கெனவே கொதித்துவிட்ட பாலைக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

"அம்மா, எனக்கு வேணாம்மா."

"சரி" என்றேன். சொன்ன பிறகுதான் திரும்பினேன்.